ஐப்பசிக்கு முன் 13 வாரம்: வாரம் 200 ரூபாயில் வீட்டை மழைக்குத் தயார் செய்யலாம்



"புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்" என்று எங்க ஆயா சொல்லும். காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும், சாயங்காலம் இடி இடித்துக் கொட்டித் தீர்க்கும். அது முன்னோட்டம்தான். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை பின்னால் வருகிறது. குளிர் நாட்டுக்காரர்கள் பனிக்காலத்துக்கு முன் விறகு அடுக்குவார்கள், ஜன்னல் இடுக்கை அடைப்பார்கள், தானியத்தை உள்ளே எடுத்து வைப்பார்கள். நமக்குப் பனி இல்லை. வடதமிழகத்தில் நமக்குக் குளிர்காலம் என்றால் அது மழைக்காலம், புயல்காலம். சென்னையில் ஆண்டு மழை சுமார் 140 செ.மீ. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதத்தில் பெய்துவிடுகிறது. அந்த மூன்று மாதத்துக்குக் கையில் காசு குறைவாக உள்ள ஒரு வீடு எப்படித் தயாராவது என்பதுதான் இந்தப் பாடம்.

நான் இருப்பது மண்ணூர்பேட்டை. அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கம். நிலம் திருநின்றவூரைத் தாண்டி. வங்கியில் வேலை பார்த்து 2018-ல் ஓய்வு பெற்றேன். அதனால் எதையும் வரவு செலவாகப் பார்க்கிற புத்தி போகவில்லை. இதையும் அப்படியே எழுதுகிறேன்.

2015-ல் நான் எதைத் தூக்கினேன்

2015 நவம்பர் மழையிலேயே வயலில் இருந்த சம்பா மூழ்கி அழுகிவிட்டது. போனால் போகிறது, வீட்டில் மீதி விதை இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். கிச்சிலிச் சம்பா 20 கிலோ, சாக்கில். கூடவே சுரை, பீர்க்கு, அவரை, கொத்தவரை என்று என் மனைவி துணி முடிச்சில் கட்டிய நாட்டு விதைகள். எல்லாம் கீழ் வீட்டில், கட்டிலுக்கு அடியில்.

டிசம்பர் 1 ராத்திரி. அன்றைக்குத் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது. செம்பரம்பாக்கத்தில் வினாடிக்கு 29,000 கனஅடி திறந்து அடையாற்றங்கரை முழுக்க மூழ்கிய ராத்திரி அது. எங்களுக்கு அடையாறு இல்லை, எங்கள் தண்ணீர் வேறு. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்குப் போக வேண்டும், அங்கிருந்து இரட்டை ஏரிக்கு. நடுவில் கால்வாய் குறுகி, தூர்ந்து கிடந்தால் தண்ணீர் தெருவைத்தான் கால்வாயாக எடுத்துக்கொள்ளும். பதினொரு மணிக்கு வாசப்படி ஏறியது, ஒரு மணிக்கு முழங்கால்.

அந்த இரண்டு மணி நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? பையனும் நானும் டிவியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனோம். பிறகு மிக்ஸி, பிறகு சோபா மெத்தை. "விதை, விதை" என்று என் மனைவி கத்தியபோது கட்டிலுக்கு அடியில் தண்ணீர் போய்விட்டது. விடிந்து பார்த்தால் சாக்கு சாக்கடைத் தண்ணீரில் ஊறி உப்பிக் கிடந்தது. நாலாம் நாள் முளை விட்டு நாறியது.

டிவி எந்தக் கடையிலும் கிடைக்கும், தவணையிலும் கிடைக்கும். விதை அப்படிக் கிடைக்கவில்லை. 2016 கோடையில் திருவாரூர் மாவட்டம் ஆதிரங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவுக்குப் போனேன். அங்கே 2 கிலோ கொடுப்பார்கள், அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். நான் பார்த்ததிலேயே நல்ல வங்கி அதுதான். அந்த வருடம் பார்த்து வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. கிணறு வற்றி, 7 கிலோதான் தேறியது. 4 கிலோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 3 கிலோவில் மறுபடி ஆரம்பித்தேன். என் சொந்த விதை ஒரு மூட்டை என்று கையில் வந்தது 2018 பொங்கலுக்குத்தான். சுரையும் பீர்க்கும் பக்கத்து ஊர்க்காரர் கொடுத்தார். எங்கள் வீட்டுக் கொத்தவரை மட்டும் வரவே இல்லை. அந்த ரகம் எங்களோடு போயிற்று.

முதல் பாடம்: வரிசை

அன்று என்னிடம் நேரமும் இருந்தது, ஆள் பலமும் இருந்தது. வரிசைதான் இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு யாரும் வரிசை போட முடியாது. ஆடியிலேயே போட்டு வைக்க வேண்டும். என் வரிசை இது:

1. உயிர். மனிதர், மாடு, ஆடு, கோழி எல்லாம் சேர்த்து.
2. திரும்பக் கிடைக்காதது. விதையும், தாள்களும்.
3. ஒரு வாரம் வாழ வைப்பது. தானியம், குடிநீர், மருந்து, அடுப்பு.
4. காசு கொடுத்தால் கிடைப்பது. டிவி, மெத்தை, பீரோ எல்லாம் இங்கேதான்.

காசையும் இதே வரிசையில்தான் செலவு செய்ய வேண்டும்.

இரண்டாம் பாடம்: வட்டிக் கணக்கு

2015 டிசம்பர் கடைசியில் எங்கள் கிளையில் நகைக் கடன் வரிசை வாசல் வரை நின்றது. தொழிற்பேட்டையில் தண்ணீர் நின்றதால் பட்டறைகள் ஓடவில்லை. வாரக்கூலிக்காரர்களுக்கு இரண்டு வாரம் சம்பளம் இல்லை. தோடு வைத்திருந்தவர்கள் வங்கிக்கு வந்தார்கள். தோடும் இல்லாதவர்கள் தெருவில் ஐந்து வட்டிக்கு வாங்கினார்கள். லைன் வீட்டில் இருக்கும் ஒரு அம்மா என்னிடம் சொன்னது: "சார், வெள்ளம் மூணு நாள்ல வடிஞ்சிடுச்சு. வட்டிதான் இன்னும் வடியல."

கணக்கைப் பாருங்கள். 5,000 ரூபாய், ஐந்து வட்டி. மாதம் 250 ரூபாய். பத்து மாதத்தில் 2,500 ரூபாய் வட்டியாகவே போய்விடும். அசல் 5,000 அப்படியே நிற்கும்.

இப்போது இன்னொரு கணக்கு. ஆடி 1 முதல் ஐப்பசி 1 வரை 13 வாரம். வாரம் 200 ரூபாய் எடுத்து வைத்தால் 2,600 ரூபாய். அந்த வட்டிப் பணமும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்று மழைக்கு முன் நம் வீட்டுக்குள் போகிறது, மற்றொன்று மழைக்குப் பின் வேறொருவர் வீட்டுக்குப் போகிறது.

போன வருடம் எங்கள் வீட்டுச் செலவு

- கூரை வெடிப்பு அடைக்க சிமெண்ட், ஷீட்டுக்கு வாஷர்: 350
- மழைநீர்க் குழாய்க்கு வலை, மண் மூட்டைக்குப் பழைய சாக்கு: 150
- தார்பாய் ஒன்று: 900
- விதைக்கும் தானியத்துக்கும் இறுக்க மூடி உள்ள டப்பாக்கள்: 400
- டார்ச், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி: 350
- மருந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம்: 250
- பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு: 100
- தாள்களுக்கு உறை, நகல்: 100

மொத்தம் 2,600.

"வாரம் 200 எங்களால முடியாதுங்க" என்பவர்களுக்கு: வாரம் 50 வைத்தால் 650. தாள் உறை 100, மருந்து 250, பிளீச்சிங் 100, சாக்கும் வலையும் 150, மெழுகுவர்த்தி தீப்பெட்டிக்கு 50. தார்பாய் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆடி: கூரையும் தண்ணீர் போகும் வழியும்

காற்று அடிக்கிற மாதம், மழை குறைவு. கூரை வேலைக்கு இதுதான் சரி. மாடியைப் பெருக்கி ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்கே தேங்குகிறதோ, எங்கே வெடிப்பில் உறிஞ்சுகிறதோ அங்கே சுண்ணாம்பால் ஒரு குறி போட்டு, அந்த இடத்தை மட்டும் அடைத்தால் போதும். முழு மாடிக்கும் பூச்சு என்று ஆரம்பித்தால் நம்ம பட்ஜெட் தாங்காது. ஷீட் கூரை என்றால் போல்ட் வாஷர் தேய்ந்த இடம்தான் ஒழுகும். ஷீட் மேல் நேராகக் கால் வைக்காதீர்கள், பலகை போட்டு ஏறுங்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003-ல் தமிழகம் முழுக்கக் கட்டாயமானது. பல வீடுகளில் குழாய் இருக்கிறது, குழியில் குப்பைதான் இருக்கிறது. குழியில் உள்ள கூழாங்கல், மணலை வெளியே எடுத்து அலசிக் காயவைத்து மறுபடி போடுங்கள். கூலி கொடுக்காமல் நாமே அரை நாளில் முடிக்கிற வேலை. 600 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 5,500 லிட்டர். அது மண்ணுக்குள் இறங்காவிட்டால் வாசலில்தான் நிற்கும்.

தாழ்வான வீட்டுக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. வெள்ளம் பல வீடுகளில் வாசல் வழியாக வருவதற்கு முன்பே கழிப்பறை வழியாக வந்துவிடும். சாக்கில் மணல் கட்டி வைத்திருந்து, தண்ணீர் ஏற ஆரம்பித்ததும் கழிப்பறைக் கோப்பை வாயிலும் குளியலறைத் துவாரத்திலும் அழுத்தி வைத்தால் சாக்கடை எதிர்த்து வருவது பெருமளவு குறையும்.

ஆவணி: விதை, தானியம், மாடு

ஆவணியிலும் புரட்டாசி முன்பாதியிலும் நல்ல வெயில் கிடைக்கும். அதை விட்டால் தை வரை வெயிலை நம்ப முடியாது.

தானியம் கெடுவதற்கு முதல் காரணம் உள்ளே இருக்கிற ஈரம், வண்டு அதற்குப் பின்னால் வருகிறது. விதை நெல்லில் ஈரம் 12 முதல் 13 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, பயறு வகையில் அதைவிடக் குறைவு. கருவி வேண்டாம், உப்புச் சோதனை போதும். வறுத்து ஆறவைத்த பொடி உப்பைக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு போட்டு, அதே அளவு தானியத்தையும் போட்டு மூடி, பத்து நிமிடம் விட்டுவிட்டுக் குலுக்குங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், இன்னும் காய வேண்டும். ஒட்டாவிட்டால் பல்லிலும் கடித்துப் பாருங்கள். 'டக்'கென்று உடைய வேண்டும்.

காய்ந்ததும் சூட்டோடு டப்பாவில் அடைக்கக் கூடாது. நிழலில் ஆறிய பிறகே அடைக்கணும். சூட்டோடு அடைத்தால் மூடியில் வியர்த்து, மேல் தானியத்திலிருந்து பூஞ்சணம் தொடங்கும்.

விதையைக் காய்ந்த வேப்பிலை, நொச்சியோடு டப்பா நிறைய, காற்று இடம் இல்லாமல் நிரப்புங்கள். காய்கறி விதைக்குச் சலித்த அடுப்புச் சாம்பல் கலந்தால் போதும். துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பது நம் பாட்டிமார் வழி. பச்சைப்பயறு, உளுந்துக்குக் கிலோவுக்கு 5 முதல் 10 மி.லி. எண்ணெய் தடவினால் வண்டு முட்டை வைப்பது குறையும். அரிசிக்குக் காய்ந்த மிளகாயும் வேப்பிலையும்.

முக்கியமானது இதுதான்: விதை இரண்டு வீட்டில் இருக்கட்டும். பாதி உங்கள் வீட்டுப் பரணில், பாதி மேட்டுத் தெருவிலோ வேறு ஊரிலோ உள்ள நண்பர் வீட்டில். அவர் விதையில் பாதி உங்கள் வீட்டில். இதற்கு ஒரு பைசா செலவில்லை. 2015-ல் இதைச் செய்திருந்தால் எங்கள் கொத்தவரை இன்றைக்கும் கொடியில் இருக்கும்.

மாடு வைத்திருப்பவர்கள் மழைக்கு முன் கால்நடை மருந்தகத்தில் கோமாரி, தொண்டை அடைப்பான், சப்பை நோய்த் தடுப்பூசிகளைக் கேட்டுப் போட்டுவிடுங்கள். கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி. வைக்கோல் போரைக் கல் அடுக்கி உயரத்தில் போட்டு, தார்பாயை அதன் மேல் முதலில் கட்டுங்கள். நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோலை மாட்டுக்குப் போடக் கூடாது. தண்ணீர் ஏறும் என்று தெரிந்தால் மாட்டை மேட்டுக்குக் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் கயிற்றையாவது அவிழ்த்து விடுங்கள். கட்டிப்போட்ட மாடுதான் சாகிறது, அவிழ்த்த மாடு நீந்தும்.

புரட்டாசி: மரம், மருந்து, தாள், சில்லறை

முருங்கை லேசான மரம், முதல் காற்றிலேயே கூரை மேல் சாயும். நெஞ்சளவு உயரத்தில் வெட்டிவிட்டால் மழையில் தானாகத் துளிர்க்கும், கார்த்திகையில் கீரை பறிக்கலாம். அந்த நேரம் சந்தையில் காய் விலை ஏறியிருக்கும். தென்னையில் முற்றிய காயும் காய்ந்த மட்டையும் இறக்கிவிடுங்கள். தார் போட்ட வாழைக்கு முட்டுக் கொடுங்கள். தொட்டியில் தூதுவளை, கற்பூரவல்லி, துளசி இருந்தால் சளிக்கு முதல் மருந்து கையோடு இருக்கும்.

நிலத்தில் வடிகால் வாய்க்காலை வெட்டிவிடுங்கள். பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். உங்கள் பகுதிக்குக் கடைசித் தேதி எது என்று வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். நீட்டிப்பார்கள் என்று நம்பி இருந்தவர்களை வங்கியில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தாள்கள்: குடும்ப அட்டை, ஆதார், பட்டா, பத்திரம், வங்கிப் புத்தகம், காப்பீட்டு ரசீது, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ். எல்லாம் ஒரே உறை, அதைத் தண்ணீர் புகாத இன்னொரு உறைக்குள் போட்டு, வீட்டிலேயே உயரமான இடத்தில். ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வெளியூர்ப் பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள்.

சில்லறை: 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்தது. பணமதிப்பிழப்பு அறிவித்து ஐந்தாவது வாரம். ஏ.டி.எம்.மில் பணம் இல்லை, மின்சாரம் இல்லாததால் கார்டு இயந்திரமும் ஓடவில்லை. வங்கி அதிகாரியான நானே பால் வாங்கச் சில்லறை இல்லாமல் கடன் சொன்னேன். இன்றைக்குக் கைப்பேசியில் காசு அனுப்புகிறோம், டவர் விழுந்தால் அதுவும் நிற்கும். வீட்டுச் செலவுப் பணத்தில் 500 ரூபாயைப் பத்து, இருபது, ஐம்பதாக மாற்றி அந்தத் தாள் உறைக்குள்ளேயே வையுங்கள். இது செலவு இல்லை, சும்மா இடம் மாற்றுவது.

அடுப்பு: இரண்டாவது சிலிண்டர் இல்லாதவர்கள் ஒரு வாரத்துக்குக் காய்ந்த விறகோ வரட்டியோ நனையாத இடத்தில் ஏற்றி வைக்கவும். விறகைச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், மழைக்கு ஒதுங்கும் பாம்பு முதலில் அங்கேதான் வரும்.

மழை வந்த பிறகு

தண்ணீர் வாசப்படியைத் தொட்டதும் மெயின் சுவிட்சை அணையுங்கள். கை ஈரமாக இருக்கும்போதோ தண்ணீரில் நின்றுகொண்டோ அதைத் தொடாதீர்கள்.

கீழ்நிலைத் தொட்டியில் வெள்ளத் தண்ணீர் கலந்தால் முழுக்க இறைத்துக் கழுவிய பிறகே நிரப்புங்கள். நல்ல தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கலக்கி ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். ரசாயனம் வேண்டாம் என்பது நம் வயலுக்கு. வெள்ளத்துக்குப் பின் குடிநீரில் அந்தப் பிடிவாதம் வேண்டாம்.

வயிற்றுப்போக்குக்குப் பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டும் தலைதட்டி. டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை வைக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருநாள் வாளி, தொட்டித் தட்டு, பழைய டயர் எல்லாவற்றையும் கவிழ்த்து விடுங்கள். கால் புண்ணோடு வெள்ளத்தில் நடந்தால் எலிக்காய்ச்சல் வரும். நிலவேம்புக் குடிநீர் குடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இந்த எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள்: ஆம்புலன்ஸ் 108, கால்நடை ஆம்புலன்ஸ் 1962, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, சென்னை மாநகராட்சி 1913, மின்சாரப் புகார் 94987 94987.

கடைசியாக

மேலே சொன்ன லைன் வீட்டு அம்மாவும் இன்னும் நான்கு வீட்டாரும் இப்போது ஆடியில் சீட்டு மாதிரி வாரம் 50 ரூபாய் போடுகிறார்கள். புத்தகம் மட்டும் என்னிடம். தார்பாயை ஐந்து வீட்டுக்கும் பொதுவாக ஒன்று வாங்கினார்கள். விதை எதுவும் இல்லாத வீடுகள் அவை. ஆனால் எங்கள் விதையில் பாதி இப்போது அங்கேதான், அந்த அம்மாவின் மகள் குடியிருக்கும் மாடி வீட்டுப் பரணில் இருக்கிறது. "சார், உங்க நெல்லு பத்திரமா இருக்கு. எலி வராம நான் பாத்துக்கறேன்" என்று போன கார்த்திகையில் அடைமழைக்கு நடுவில் அவரே போன் செய்து சொன்னார்.

இந்த இதழ் உங்கள் கையில் இருக்கும்போது ஆடி பிறந்திருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு குடம் தண்ணீரோடு மாடிக்கு ஏறுங்கள். இறங்கி வந்து, தாளில் உங்கள் வீட்டு வரிசையை எழுதிப் பீரோ கதவில் ஒட்டுங்கள். டிவியைக் கடைசியில் எழுதுங்கள்.